மின்னல் சந்திப்பு

போன மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி ஹாலில் படுத்துக்கொண்டு கொரிய பிஎல் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும் இந்தத் தொடர்கள் பெரும்பாலும் குட்டிக்குட்டியானவை. பத்திருபது நிமிட எபிசோடுகள். ஒரே மதியத்தில் மொத்தத்தையும் முடித்துவிடலாம். கதையும் பழகிய கதைதான். இணையத்தில் மாதக்கணக்காகப் பேசிப் பழகிய இரண்டு பேர். ஒருவருக்கொருவர் நிக்நேம் தெரியும், முகம் தெரியாது. ஒருநாள் நேரில் பார்க்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். ஒருவன் கஃபே வாசல்வரை வந்துவிட்டு உள்ளே போகாமல் நிற்கிறான். கையிலுள்ள ஃபோனைப் பார்க்கிறான். வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறான்.

"என்னக்கா இவன், ஒரு காப்பி குடிக்கப் போறதுக்கு இவ்ளோ பயப்படுறான்?" என்று கேட்டாள்.

"நேர்ல பார்த்தா பிடிக்காம போயிடுமோன்னு பயமா இருக்கும்" என்று ஏதோ சொல்லிவைத்தேன். அது பாதி பதில்தான் என்று சொல்லும்போதே தெரிந்தது. எந்தக் காதல் கதையிலும் அந்தப் பயம் உண்டு. ஆனால் கொரியாவில் ஒரு பையன் இன்னொரு பையனைத் திரையில் சந்தித்துவிட்டுத் தெருவுக்கு வருவதற்குப் பின்னால் முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. தொடர்கள் அதைச் சொல்வதில்லை. தங்கச்சிக்குச் சொல்லாமல் விட்ட மீதிப் பதிலாக அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

இணையம் வீடுகளுக்குள் வருவதற்கு முன்பே கொரியர்கள் கணினிவழிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு 'பிசி தொங்ஷின்' என்று பெயர். பிசி வழித் தொடர்பு என்று பொருள். தொலைபேசிக் கம்பியில் மோடத்தைச் செருகி, 01410 என்ற எண்ணைச் சுழற்றினால் இணைப்பு கிடைக்கும். நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள். படம் கிடையாது, குரல் கிடையாது. வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். மாதக் கடைசியில் வரும் ஃபோன் பில்லைப் பார்த்து அப்பா கத்துவார். எம்ஐஆர்சியில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்த என் தலைமுறை மலேசியர்களுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தெரியாது.

சொல்லியான், ஹைடெல், நாவ்னூரி, யூனிடெல் என்று நான்கு பெரிய சேவைகள் இருந்தன. சொல்லியான் என்ற பெயருக்கு ஆயிரம் லீ தொலைவைப் பார்க்கும் கண் என்று பொருள். அங்கே திரைப்படம், கவிதை, ராக் இசை என்று எல்லாவற்றுக்கும் குழுக்கள் இருந்தன. குழுக்களில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நேரிலும் சந்தித்தார்கள். மாதாமாதம் முன்கூட்டியே நாள் குறித்துக் கூடுவதற்கு 'ஜொங்மோ' என்று பெயர். "இன்னிக்கு ராத்திரி ஏழு மணிக்கு, யார் வர்றீங்க?" என்று திடீரென்று அழைத்துக் கூடுவது 'பொன்கே'. கொரிய மொழியில் பொன்கே என்றால் மின்னல். இந்தச் சொல் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. மோடம் போய்விட்டது, மின்னல் நின்றுவிட்டது.

அதே ஆண்டுகளில்தான் கொரியாவின் தன்பால் ஈர்ப்பாளர்கள் முதன்முதலாக அமைப்பாகத் திரள்கிறார்கள். 1993இல் சோதொங்ஹ்வே என்ற சிறு குழு உருவானது. சில மாதங்களிலேயே அது பிரிந்து, 1994இல் ஆண்களுக்கு சிங்குசாய் என்றும் பெண்களுக்குக் கிரிகிரி என்றும் இரண்டு அமைப்புகள் ஆயின. சிங்குசாய் என்றால் 'நண்பர்களுக்கிடையே'. வேற்று ஆள் கேட்டால் ஒரு நட்பு வட்டத்தின் பெயர் என்று நினைத்துக் கடந்துவிடுவார். உள்ளே இருப்பவர்களுக்கு அதன் முழுப் பொருளும் தெரியும். 1995இல் யொன்செய் பல்கலைக்கழகத்திலும் சோல் தேசியப் பல்கலைக்கழகத்திலும் மாணவர் குழுக்கள் தோன்றின.

ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு, சோலுக்கு வெளியே ஏதோ ஒரு சிற்றூரில் இருந்தவர்களுக்கு நீலத் திரைதான் கதவு. ஹைடெலில் 'இன்னொரு காதல்', சொல்லியானில் 'குயர்நெட்', நாவ்னூரியில் 'ரெயின்போ' என்று 90களின் நடுவில் குழுக்கள் வந்தன. தங்களைக் குறிக்க அவர்கள் புழங்கிய சொல் 'இபான்'. கொரியத்தில் 'இல்பான்' என்றால் பொதுவானவர், சாதாரணமானவர். 'இல்' என்பது ஒன்று என்ற எண்ணைப் போலவும் ஒலிக்கும். அதை எடுத்துவிட்டு, இரண்டைக் குறிக்கும் 'இ'யை வைத்தால் இபான். "நீங்க எல்லாம் ஒன்னாம் வகை, நாங்க ரெண்டாம் வகை, அதனாலென்ன?" என்பது போன்ற ஒரு குறும்பு அதில் இருக்கிறது. அரசாங்கமோ மருத்துவரோ வைத்த பெயரில்லை. அவர்களே வைத்துக்கொண்டது.

*

1997 செப்டம்பரில் சோலில் இரண்டு விஷயங்கள் நடந்தன.

ஒன்று, 'தொடர்பு' என்று பொருள்படும் 'ஜொப்சொக்' திரைப்படம் வெளியானது. இயக்கியவர் ஜாங் யுன்-ஹ்யொன். ஹன் சொக்-க்யூவும் ஜொன் தோ-யொனும் நடித்தது. வானொலித் தயாரிப்பாளன் ஒருவனும், தொலைக்காட்சி விற்பனை நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கும் பெண்ணொருத்தியும் பிசி தொங்ஷினில் பழகுகிறார்கள். படம் முழுக்க ஒருவரையொருவர் தெரியாமலே கடந்து போகிறார்கள். கடைசியில் ஒரு திரையரங்கின் முன்னால் சந்திக்கிறார்கள். அந்த ஆண்டின் பெருவெற்றிப் படங்களில் அது ஒன்று. நமக்கு இது உடனே புரியும். அதற்கு முந்தைய ஆண்டுதான் அகத்தியனின் 'காதல் கோட்டை' வந்திருந்தது. அங்கே கடிதம், இங்கே மோடம். அங்கே ரயில் நிலையம், இங்கே தியேட்டர் வாசல். ஒன்றையொன்று பார்த்து எடுத்தவை அல்ல. இரண்டு ஊர்களும் ஒரே சமயத்தில் ஒரே ஏக்கத்தில் இருந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டாவது, யொன்செய் பல்கலைக்கழகத்தில் நடக்கவிருந்த முதல் சோல் குயர் திரைப்பட விழாவை அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். விழா அடுத்த ஆண்டு, 1998 நவம்பரில்தான் நடக்க முடிந்தது.

முகம் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும் சந்திப்பதை மக்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிப் பார்த்த மாதத்தில், முகம் தெரியாத இன்னொரு கூட்டம் ஓர் அரங்கில் கூடிப் படம் பார்ப்பது அனுமதிக்கப்படவில்லை. இதைப் படித்தபோது 'ஜொப்சொக்'கின் கடைசிக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். அவர்கள் சந்திக்கும் இடம் பிக்காடில்லி தியேட்டர். அது இருப்பது ஜொங்னோ 3-கா பகுதி. கொரியாவின் வரலாறு கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு சின்ன அதிர்ச்சி இருக்கும். அதே ஜொங்னோ 3-கா, அதை ஒட்டிய நக்வொன்-தொங் சந்துகள்தான் பல பத்தாண்டுகளாகச் சோலின் தன்பால் ஈர்ப்பு ஆண்கள் இரவில் கூடும் இடம். மோடம் வருவதற்கு முன்பே அந்தப் பக்கத்துப் பழைய தியேட்டர்களின் இருட்டில்தான் அவர்கள் ஒருவரையொருவர் தேடினார்கள். பெயர் கேட்க மாட்டார்கள், முகவரி கேட்க மாட்டார்கள். நாயகனும் நாயகியும் வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டு சந்திக்கும் அந்த வாசலுக்கு நடந்துபோகிற தூரத்தில், வேறு சிலர் தலையைக் குனிந்தபடி வேறொரு படியேறிக்கொண்டிருந்தார்கள். கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று அன்று யாரும் எதிர்பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

*

நேரில் சந்திக்கும் கணத்தில் கொரியர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழர்களுக்கு அது நன்றாகவே புரியும்: எப்படிக் கூப்பிடுவது?

பிசி தொங்ஷினில் எல்லாரும் எல்லாரையும் நிக்நேமுக்குப் பின்னால் 'நிம்' சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். நம்முடைய 'அவர்கள்' மாதிரி ஒரு மரியாதை விகுதி. பதினேழு வயதுப் பையனும் நிம், நாற்பது வயது அலுவலக மேலாளரும் நிம். வயதைக் கொண்டு ஒவ்வொரு வினைச்சொல்லின் வாலையும் மாற்றும் ஒரு மொழியில் இது சாதாரண விஷயம் இல்லை. நீலத் திரையில் வயது தெரியாது, ஆகவே மேல் கீழ் கிடையாது.

நேரில் வந்து உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் அது முடிந்துவிடும். "எந்த வருஷம் பொறந்தீங்க?" என்ற கேள்வி வரும். பதிலைப் பொறுத்து ஒருவர் ஹியோங் ஆகிவிடுவார், அதாவது அண்ணன். மற்றவர் தம்பி. அண்ணன் ஒருமையில் பேசலாம், தம்பி மரியாதையில் பேச வேண்டும். பிஎல் தொடர் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஹியோங் என்ற அந்த ஒரு சொல்லை வைத்தே இயக்குநர்கள் எவ்வளவு காதலைக் கடத்திவிடுகிறார்கள் என்று. எப்போது சொல்கிறான், எப்போது சொல்லாமல் பெயரை மட்டும் சொல்கிறான் என்று ரசிகர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். நம்மிடம் 'நீங்க' 'நீ'யாக மாறும் தருணம் எப்படியோ அப்படி. சப்டைட்டிலில் இது பெரும்பாலும் காணாமல் போய்விடும். தமிழில் எழுதினால் போகாது.

அண்ணன் தம்பி என்ற உறவுச்சொல் இன்னொரு வேலையும் செய்தது. இரண்டு ஆண்கள் ஒன்றாக வீடெடுத்துத் தங்கினால், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், "ஹியோங்" என்று சொல்லிவிடலாம். சிங்குசாய் என்ற பெயரைப் போலவே இதுவும் ஒரு திரை. உள்ளே இருப்பதை மறைக்கும். உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றவும் செய்யும்.

*

திரை விலகினால் என்ன ஆகும் என்பதற்குக் கொரிய வரலாற்றில் சாட்சிகள் இருக்கின்றன.

2000இல் நடிகர் ஹோங் சொக்-சொன் தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். நிகழ்ச்சிகளிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு எக்ஸ்ஸோன் என்ற தன்பால் ஈர்ப்பாளர் இணையதளம் 'சிறார்க்குத் தீங்கான ஊடகம்' என்று முத்திரை குத்தப்பட்டது. அந்தத் தளத்தில் ஆபாசம் இருந்ததா என்பது கேள்வியே அல்ல. 1997இல் வந்த சிறார் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளில் தன்பால் ஈர்ப்பு என்பதே தீங்கின் பட்டியலில் இருந்தது. வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். 2003இல் தேசிய மனித உரிமை ஆணையம் அந்த விதியை நீக்கப் பரிந்துரைத்தது; 2004இல் அது நீங்கியது. அதுவரை, தன்னைப் போல் இன்னொருவர் இருக்கிறாரா என்று தேடிய பதினாறு வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ சட்டப்படி கதவு மூடியிருந்தது.

பிறகு பெயர். கொரியாவில் ஒவ்வொருவருக்கும் பதின்மூன்று இலக்க அடையாள எண் உண்டு. ஏழாவது இலக்கத்தைப் பார்த்தாலே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். நீண்ட காலம் பெரும்பாலான தளங்களில் சேர இந்த எண் தேவைப்பட்டது. 2007இல் பெரிய தளங்களில் எழுதுவோரின் உண்மை அடையாளத்தைச் சரிபார்ப்பது சட்டமாகவே ஆனது. 2012இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறோம் என்று நினைத்தவர்களின் உண்மைப் பெயர் எங்கோ ஒரு சர்வரில் இருந்துகொண்டேயிருந்தது.

இதையெல்லாம் விடக் கனமானது 2017. கொரியாவில் குடிமக்களுக்கிடையிலான தன்பால் உறவு குற்றமல்ல. 2022 நவம்பரில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நீக்கிய 377ஏ போன்றோ, மலேசியாவில் இன்னும் இருக்கும் பிரிவுகள் போன்றோ அங்கே எதுவும் கிடையாது. ஆனால் ராணுவக் குற்றவியல் சட்டத்தில் 92-6 என்று ஒரு பிரிவு உண்டு. இரண்டாண்டு வரை சிறை. உடல்தகுதியுள்ள ஆண்கள் அனைவருக்கும் ராணுவ சேவை கட்டாயம் என்பதால், அந்தச் சட்டம் ஏறக்குறைய எல்லா இளைஞர்களின் வாழ்க்கைக்குள்ளும் ஒருமுறை வந்து போகிறது. 2017 ஏப்ரலில், ராணுவப் புலனாய்வாளர்கள் தன்பால் ஈர்ப்பு வீரர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள், அதற்கு டேட்டிங் செயலியையும் பயன்படுத்துகிறார்கள் என்று ராணுவ மனித உரிமை மையம் குற்றம் சாட்டியது. அடுத்த மாதமே ஒரு கேப்டனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறைத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ராணுவ வளாகத்துக்கு வெளியே, கடமை நேரம் அல்லாதபோது, இருவரும் மனமொப்பி இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2023 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று மறுபடி உறுதிசெய்தது. பிரிவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது தங்கச்சியின் கேள்விக்கு வரலாம். செயலியில் பழகிய ஒருவனைப் பார்க்க கஃபே வாசலில் வந்து நிற்கிறவனுக்கு, "என்னைப் பிடிக்குமா?" என்பது முதல் கேள்வி இல்லை. "உள்ளே உட்கார்ந்திருப்பது யார்?" என்பதுதான்.

*

பிஎல் கதைகளும் அதே நீலத் திரையில்தான் வளர்ந்தன என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 90களின் பிற்பகுதியில் ஹெச்.ஓ.டி. போன்ற ஐடல் குழுக்களின் ரசிகைகள், குழுவிலுள்ள இளைஞர்களை ஒருவரோடு ஒருவர் காதலிக்க வைத்துக் கதைகள் எழுதினார்கள். ஃபேன்பிக் என்று பெயர். பிசி தொங்ஷினில் அவை பரவின. அச்செடுத்து வகுப்பறைகளில் கைமாறின. இதைப் படித்து வளர்ந்த பதின்ம வயதுப் பெண்கள் சிலர் தங்களையே இபான் என்று அழைத்துக்கொண்டார்கள். ஒரு குழுவில் நிஜ மனிதர்கள் தங்கள் வாழ்க்கையை மறைத்துப் பேசிக்கொண்டிருக்க, பக்கத்துக் குழுவில் பள்ளிக்கூடப் பெண்கள் அதே காதலைக் கற்பனையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரே மோடம், ஒரே ஃபோன் பில்.

அந்தக் கற்பனை ஓடை வலை நாவல்களாகி, 2020இல் தொடராகவும் ஆனது. ஹ்வாங் தா-சுல் இயக்கிய 'உன் பார்வை தங்கும் இடம்' கொரியாவின் முதல் பிஎல் தொடர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 2022இல் வாட்சா தளத்தில் வந்த 'செமான்டிக் எரர்' பெரிய வெற்றி பெற்று, அதே ஆண்டு தியேட்டருக்கும் படமாகப் போனது. வலை நாவலிலிருந்து வந்ததுதான் அதுவும்.

'உன் பார்வை தங்கும் இடம்' வெளியானது 2020 மே மாதம். அந்த மே மாதத் தொடக்கத்தில்தான் இதேவொன் கேளிக்கை விடுதிகளில் கொரோனா தொற்று கண்டறியப்பட்டது. சில ஊடகங்கள் அவற்றை 'கே கிளப்' என்று தலைப்புப் போட்டு எழுதின. பரிசோதனைக்குப் போனால் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் தெரிந்துவிடுமே என்று பலர் பயந்தார்கள். கடைசியில் சோல் மாநகரம் பெயர் கேட்காமல் பரிசோதனை செய்யும் முறையைக் கொண்டுவந்தது. 1997 செப்டம்பர் மாதிரியே 2020 மே மாதமும். திரையில் இருவர் நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள், தெருவில் இருவர் விலகி ஒளிந்துகொண்டிருக்கிறார்கள்.

இதனால்தான் பிஎல் தொடர்கள் மேல் ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு: அதில் ராணுவச் சட்டம் இல்லை, கண்ணீர் விடும் அம்மா இல்லை, வேலை போவதில்லை, நிஜ மனிதர்களின் வலியைக் கழித்துவிட்டு முத்தத்தை மட்டும் விற்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. 2007இல் முதன்முதலாக முன்மொழியப்பட்ட பாகுபாட்டுத் தடைச் சட்டம் இன்னும் நிறைவேறாத நாடு அது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தன்பால் இணையருக்கு மருத்துவக் காப்பீட்டில் சார்ந்திருப்போர் உரிமையைக் கொடுத்தது பெரிய விஷயம்தான். திருமணம் இன்னும் கிடையாது.

ஆனாலும் எனக்கு முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. பயமில்லாத உலகத்தைக் காட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டாலும் அந்தத் தொடர்களால் பயத்தை முழுதாக அழிக்க முடிவதில்லை. காரணம் சொல்லாமல் விட்டாலும் கால் வாசலில் நின்றுவிடுகிறது. தங்கச்சி பார்த்தது அதைத்தான். கதையில் இல்லாத ஒன்று நடிகனின் உடம்பில் இருந்தது. மறைத்ததை அவள் கண்டுபிடித்துக் கேள்வியாகவும் கேட்டுவிட்டாள். பாடப்புத்தகம் இதைச் செய்திருக்காது.

பள்ளியில் நமக்குப் பிசிராந்தையார் கதையைச் சொல்லிக் கொடுத்தார்கள். பார்க்காமலே நட்பு என்று தலைப்பு. பார்க்கவே தேவையில்லை, உணர்வு போதும் என்பதுதான் நீதி என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். இப்போது யோசித்தால் அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், அவர் வருவார், அவருக்கு ஓர் இடம் வையுங்கள் என்கிறான். அவரும் வருகிறார். பார்க்காத நண்பனுக்காக ஒருவன் இடம் ஒதுக்கி வைத்ததும், அந்த இடத்துக்கு மற்றவன் வந்து சேர்ந்ததும்தான் கதை.

கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது தங்கச்சியிடம் இதில் பாதியை ஃபோனில் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா, அடுத்த சனிக்கிழமை நீங்க ஃப்ரீயா?" என்றாள். டிஸ்கார்டில் இரண்டு வருஷமாகப் பழகிய ஒரு தோழி ஜொகூரிலிருந்து கேஎல் வருகிறாளாம். முதல் தடவை பார்க்கப் போகிறாள்.

"நான் எதுக்குடி நடுவுல?"

"பக்கத்து டேபிள்ல உக்காந்துக்குங்க. என்னைத் தெரிஞ்ச மாதிரி மட்டும் காட்டிக்காதீங்க."

சரி என்றேன்.